சுவையும் புள்ளியும்

மார்கழி மாதத்துப் பேராதனையை அறிந்தவர்களுக்கு அதன் குளிரைப்பற்றி நாம் புதிதாக எதுவும் சொல்லவேண்டியதில்லை. பகல் முழுவதும் தூறிக்கொண்டிருந்த மழை மாலையில் ஓய்ந்ததும் ஹந்தானை மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கும். மகாவலி கங்கையின் மேலாகப் பரவிப் பல்கலைக்கழகக் கட்டிடங்களின் ஓட்டுக் கூரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, ஏழு மணிக்குள் நம் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றுவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நமக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் இக்குளிர் பழகவில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தகைய மாலையொன்றில் நம்மோடு படித்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். படிப்பு முடிந்ததும் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவர் பெட்டியிலிருந்து போத்தலொன்றை வெகு கவனமாக எடுத்து மேசைமேல் வைத்தார். அது குளிர்காலத்துக்கென்றே வடிக்கப்படும் ‘ஏல்’ என்னும் பியர் வகை. மேல்நாட்டார் கார்த்திகை பிறந்ததும் அதனைக் கடைகளில் எதிர்பார்க்கத் தொடங்குவார்களாம். தை கழிந்தால் கிடைக்காதாம். கோடையிலே குடிக்கும் இளமஞ்சள் பியர் தாகத்துக்கு. கருஞ்சிவப்பான இதுவோ உடம்புச் சூட்டுக்கு. முளைகட்டிய வாற்கோதுமையை நன்றாக வறுத்து, கூடுதலாகச் சேர்த்து, சாதாரண பியரைவிடக் காட்டமாக இறக்குகிறார்கள். சிலர் அதனுடன் வாசனைச் சரக்குகளையும் கலப்பதுண்டு.

மதுவின் நன்மை தீமைகளை வாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மலைநாட்டு உழைப்பாளர் குடும்பங்களிலே சாராயம் செய்த நாசத்தை நேரிற் கண்டவர்கள் நாம். அதனைப் பிறிதொரு சந்தர்ப்பத்திற் பேசலாம். அன்று நம்மைக் கவர்ந்தது போத்தலைவிட அதனுடன் நண்பர் கொண்டுவந்திருந்த அச்சிட்ட அட்டையேயாகும்.

அமெரிக்காவிலே பியர்ப் போட்டிகளுக்கு நடுவராக இருப்பவர்கள் கையாளும் முறையைத் தழுவிய புள்ளியட்டை அது. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் அது கொடுக்கும் உணர்வுக்கு 5, மொத்தத்தில் மனத்தில் நிற்கும் எண்ணத்துக்கு 10, ஆக 50 புள்ளிகள். பரீட்சைத் தாள் திருத்தியே பாதி ஆயுளைக் கழித்த நமக்கு இந்தப் பங்கீடு மிகவும் பிடித்துவிட்டது. நண்பரும், அயலில் வசிக்கும் சக விரிவுரையாளர் ஒருவரும், நாமுமாக மூவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

முதலில் முகரவேண்டும் என்றார் நண்பர். முகர்ந்தோம். கருப்பட்டி காய்ச்சும் அடுப்பின் மணம் வந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மிகவும் தெரிந்த மணம். ஆயினும் பெயர் நாவில் வரவில்லை. ஒரு வாய் அருந்தினோம். முதலில் இனிப்பு, பிறகு வறுத்த தானியத்தின் இலேசான கசப்பு, விழுங்கியபின் தொண்டையிலே மெல்லிய வெப்பம். குளிருக்கு இதமாகத்தான் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. நண்பர் 42 போட்டார். அயலவர் 38 போட்டார். வாசனையின் பெயர் தெரியாத குறையை நம் குறையாகக் கொள்ளாமல் பியரின் குறையாகக் கொண்டு நாம் 34 போட்டோம். சராசரி 38 வந்தது. மூவரும் பெரிய காரியமொன்றைச் செய்துமுடித்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது ஆச்சி வடைத் தட்டோடு உள்ளே வந்தார்.

ஆச்சியைப் பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்லவேண்டும். அவர் நம் வீட்டில் சமையலுக்கு இருப்பவர். 1962இல் தலவாக்கலைப் பகுதியிலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, 14 வயதில் கூடை தூக்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்தெடுத்து ஓய்ந்தபின் நம்மிடம் வந்தவர். நாம் அவரை ‘ஆச்சி’ என்று முறை சொல்லி அழைப்போம். அவர் நம்மை ‘ஐயா’ என்பார். முறை கொண்டாடியது ஒரு பக்கந்தான் என்பதை அன்றுவரை நாம் யோசித்ததில்லை.

நண்பர் விளையாட்டாகக் கிண்ணத்தை நீட்டி, “ஆச்சி, குடிக்கவேண்டாம். மணந்து பார்த்து என்ன வாசனை என்று சொல்லுங்கோ” என்றார். ஆச்சி தட்டை வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்து, எட்ட நின்றபடியே முகர்ந்தார். ஒரு கணங்கூட யோசிக்கவில்லை.

“கறுவாப்பட்டை, சாதிக்கா, ஒரு பொட்டு கராம்பு. எல்லாம் நம்ம ஊரு சாமானுதானே ஐயா?”

நாம் போத்தலைத் திருப்பி ஒட்டியிருந்த தாளைப் படித்தோம். அவர் சொன்ன மூன்றுமே அதில் இருந்தன. கண்டியைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களிலே, பலாவுக்கும் கித்துளுக்கும் இடையே நிற்கும் மரங்களின் பட்டையும் காயும் மொட்டுமே கடல் கடந்து போய், சீமைக் குளிருக்கு மருந்தாகி, நம் மேசைக்கே திரும்பி வந்திருக்கக்கூடும். நாம் 12 புள்ளிக்குத் திணறிய இடத்தில் ஆச்சி எந்த அட்டையுமின்றி முழுப்புள்ளி வாங்கிவிட்டார்.

எங்கள் கையிலிருந்த அட்டைகளை அவர் உற்றுப் பார்த்தார். விடயத்தை நண்பர் விளக்கினார். ஆச்சி சிரித்தார்.

“ஸ்டோருலயும் இப்படித்தான் ஐயா. டீமேக்கரு கோப்பை கோப்பையா வாயில வச்சுப் பார்த்துத் துப்புவாரு. தை மாசி வந்தா நல்ல மார்க்கு வரும்பாங்க. மார்க்கு வர்ற மாசத்துலதான் எங்களுக்கு அரைப்பேரு.”

சொல்லிவிட்டு அவர் குசினிக்குப் போய்விட்டார். நண்பரின் பேச்சு வேறு திசையிற் சென்றது. ஆனால் அந்த வாக்கியம் நம் மனத்தில் தங்கிவிட்டது. நல்ல புள்ளி கிடைக்கும் மாதத்தில் அரைச் சம்பளமா? இஃது எவ்வாறு பொருந்தும்? தேயிலைச் செடி முதன்முதல் வேரூன்றிய பேராதனையிலே, அதுபற்றி எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கும் பேராதனையிலே, கால் நூற்றாண்டு வாழ்ந்தும் இது நமக்குத் தெரியாதிருந்தது.

★

2024 பெப்ரவரியில் நாம் மலைநாட்டுப் புகையிரதத்தில் ஏறினோம். கம்பளை, நாவலப்பிட்டி கடந்து ஹட்டனை நெருங்குகையில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருந்தது. பகலில் சுள்ளென்ற வெயில்; நிழலுக்கு ஒதுங்கினால் எலும்பைத் தொடும் குளிர்; உதட்டை வெடிக்கச் செய்யும் உலர்ந்த காற்று. தலவாக்கலையில் இறங்கி, முன்பு நம்மிடம் படித்த மாணவர் ஒருவரின் உதவியால் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கு அவசியமன்று. எந்த மலைக்கு ஏறியிருந்தாலும் ஏறக்குறைய இதையே கண்டிருப்போம்.

வடகீழ்ப் பருவக்காற்று நாட்டின் கிழக்குப் பக்கத்திலே மழையைக் கொட்டிவிட்டு, நடு மலைத்தொடரைத் தாண்டி மேற்குச் சரிவுக்கு வரும்போது ஈரம் இழந்து உலர்ந்துவிடுகிறது. இதனால் தை முதல் பங்குனி வரை திம்புள்ளைப் பகுதியிலே பகல் வெயிலும், இராக்குளிரும், வறண்ட காற்றும் ஒருங்கே சேர்கின்றன. இக்காலத்திலே செடி தாராளமாகத் துளிர்ப்பதில்லை. மெல்ல மெல்லத் துளிர்க்கிறது. அப்படி இடர்ப்பட்டு வரும் கொழுந்திலேதான் வாசனைப் பொருள்கள் செறிகின்றன. வணிகர் இதனை ‘மேற்குத் தரப் பருவம்’ என்கின்றனர். ஊவாப் பக்கத்துக்கு இதே பருவம் ஆடி முதல் புரட்டாதி வரை, எதிர்த் திசைக் காற்றோடு வருகிறது. அந்த மேல்காற்றுக்குத் தேயிலை வணிகர் இன்றளவும் வழங்கும் பெயர் ‘கச்சான்’ என்பதாகும். ஆங்கிலத் தேயிலை நூல்களிலும் அச்சொல்லே ஏறியிருக்கிறது. அது நம் தமிழ்ச் சொல்தான். காற்றின் பெயரைக் கொடுத்த மக்களுக்கு அக்காற்று என்ன கொடுத்தது என்பதே கேள்வி.

சுவைபார்க்கும் அறைக்குள் நம்மை அழைத்துச் சென்றார்கள். நீண்ட மேசை, அதன்மேல் வரிசையாக மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் குவளைகளும் வெள்ளைக் கிண்ணங்களும், ஒவ்வொன்றின் முன்னும் சிறு தட்டிலே தூள். சாயத்தின் நிறத்தைச் சூரிய வெளிச்சம் ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காகச் சன்னல்களைத் திசை பார்த்து அமைத்திருந்தார்கள். தேயிலையைச் சோதிப்பதற்கென 1980இல் வகுக்கப்பட்ட சர்வதேச முறையொன்று உண்டு. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள். 6 நிமிடம் ஊறவேண்டும். ஏறத்தாழ அம்முறைப்படியே காரியம் நடந்தது. நேரமானதும் சாயத்தைக் கிண்ணங்களில் வடித்து, ஊறிய இலையை மூடியின்மேல் கவிழ்த்து வைத்தார்கள். அந்த இலை புதுச் செப்புக்காசு போல் மினுங்கவேண்டுமாம்.

டீமேக்கர் ஒரு கரண்டி சாயத்தை எடுத்து, காற்றோடு சேர்த்துப் பெருஞ்சத்தத்துடன் உறிஞ்சினார். ஒரு கணம் நாவில் உருட்டினார். பக்கத்திலிருந்த உயரமான படிக்கத்தில் துப்பினார். அடுத்த கிண்ணம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களையும் இவ்வாறு பார்ப்பவர்கள் கொழும்பிலே இருக்கிறார்கள். ஏலத்தில் ஒவ்வொரு தேயிலைக்கும் இன்ன விலை பெறும் என்று மதிப்பிடுவது அவர்களுடைய நாக்குத்தான். 1883 ஜூலை 30ஆந் திகதி கொழும்பில் முதல் ஏலம் நடந்த காலந்தொட்டு இக்கலை வளர்ந்து வந்திருக்கிறது. இதற்குத் தனி அகராதியே உண்டு. சாயத்துக்குக் ‘கனம்’ இருக்கவேண்டும், ‘ஒளி’ இருக்கவேண்டும், நாவைச் சுறுக்கென்று பிடிக்கும் ‘துடிப்பு’ இருக்கவேண்டும். அது ‘சப்பையாக’ இருத்தலாகாது. அடுப்பிலே ‘கருகியிருக்கவும்’ கூடாது. நன்றாகச் செய்த தேயிலையைப் புகழ அவர்களிடமுள்ள சொற்களிலொன்று ‘மால்ட்டு மணம்’ என்பது. முளைகட்டிய வாற்கோதுமையின் மணம்! மார்கழியில் நம் மேசைக்கு வந்த அதே மணம். சீமைக் குளிருக்கு ஏல். நம் மலைக் குளிருக்குத் தேயிலை. இரண்டையும் அளக்கும் சொற்களும் ஒரே பட்டறையில் அடிக்கப்பட்டவையென அறிந்து வியந்தோம்.

நமக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்கள். நாம் துப்பவில்லை, விழுங்கிவிட்டோம். மலர் மணம் போலவும், மழை பெய்த மறுநாட் காலைபோலவும் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நாம் தேநீர் என்று குடித்துவந்தது எது என்ற ஐயம் எழுந்தது. “இது இந்தப் பருவத்திலே செய்தது. நல்ல விலைக்குப் போகும்” என்றார் டீமேக்கர். அவர் முகத்திலே உண்மையான பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். இரவு இரண்டு மணிக்கும் எழுந்துபோய், வாடிய கொழுந்தைக் கையால் அள்ளி முகர்ந்து, அரைக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் மனிதர் அவர். அவருடைய கலையும் உழைப்பே.

★

தொழிற்சாலையிலிருந்து கீழே இறங்கினால் கொழுந்து மடுவம். பிற்பகல் நிறுவைக்கான நேரம். இடுப்பிலே படங்கு கட்டிய பெண்கள் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். மேலே கேட்ட சத்தம் உறிஞ்சும் சத்தம். இங்கே கேட்டது கணக்கப்பிள்ளை நிறை சொல்லும் சத்தம்.

“பதினொண்ணு.” “ஒம்பது.” “பன்னெண்டு.”

அத்தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கவேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் இவ்வளவு வேறுபடும். பல இடங்களில் 16இலிருந்து 20 வரை கேட்கிறார்கள். குறித்த நிறை வந்தால் ஒரு ‘பேர்’. வராவிட்டால் அரைப்பேர். ‘பேர்’ என்றால் செக்ரோலில் பதியப்படும் ஒரு நாள். மனிதரின் பெயரே கூலிக்கும் பெயராய் விட்டது. மலைநாட்டுத் தமிழிலே அரைப்பேர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மனிதரைப் பாதியாய் வெட்டியதுபோல் நமக்கு ஒரு கூச்சம் உண்டாகிறது.

இப்போதுதான் ஆச்சி சொன்னது விளங்கிற்று. வைகாசி ஆனி மாதங்களில் மழையோடு செடி பொங்கித் துளிர்க்கும். அப்போது கைபோன இடமெல்லாம் கொழுந்து; 18 என்ன, 25 கிலோவும் எடுக்கலாம். ஆனால் அத்தேயிலை சாதாரணத் தேயிலை. தை மாசியிலே காற்று வறண்டு செடி சுருங்குகிறது. முழுமலையையும் நடந்தாலும் கூடை நிறைவதில்லை. அந்தக் கொஞ்சக் கொழுந்துதான் ஏலத்திலே உயர்ந்த புள்ளி வாங்கும் கொழுந்து. செடியை வருத்தும் அதே காற்றுத்தான் வாசனையையும் தருகிறது. எடுப்பவளின் கூலியையும் அறுக்கிறது. கூலி நிறையால் அளக்கப்படுகிறது. விலையோ வாசனையால் அளக்கப்படுகிறது. ஒரே இலைக்கு மேலே ஓர் அளவுகோல், கீழே வேறோர் அளவுகோல்.

சில தோட்டங்களில் வறட்சிக்காலத்திலே கேட்கும் நிறையைக் குறைப்பதுண்டு என்றார்கள். குறைப்பதும் குறைக்காததும் நிருவாகத்தின் தயவைப் பொறுத்தது. வேறு சில இடங்களிலே வேலை நாட்களையே குறைத்துவிடுவார்களாம்.

பதினொரு கிலோ எடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவருடைய விரல் நுனிகளிலே கறை கறுத்து வெடித்திருந்தது. காற்றிலே தோல் பிளந்துபோகிறது என்றார். நாம் அங்கேயே மனத்தில் ஒரு கணக்குப் போட்டோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகும். பதினொரு கிலோ என்றால் சுமார் 2,400 கிராம் தேயிலை. சுவைபார்ப்போரின் அளவுப்படி கோப்பைக்கு 2 கிராம் வைத்தால் 1,200 கோப்பைத் தேநீர். அப்போது நாட்கூலி 1,000 ரூபாய். அரைப்பேருக்கு 500. அப்பெண் அன்று உலகத்துக்கு 1,200 கோப்பை உயர்தரத் தேநீர் ஊற்றினார். அதற்காக ஒரு கோப்பைக்கு ஐம்பது சதங்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த 1,000 ரூபாயும் சும்மா வந்ததன்று. ஆண்டுக்கணக்காக வீதியிலும் பேச்சுமேசையிலும் போராடி, 2021 மார்ச்சிலே சட்டபூர்வமாயிற்று. நாம் சென்று வந்த அதே ஆண்டின் பிற்பகுதியிலே அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குள் சாமான் விலைகள் எங்கேயோ போய்விட்டன. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்ற அநீதி 1984 வரை நீடித்தது. அவ்வாண்டில் ஆச்சிக்கு 22 வயது. எட்டு ஆண்டுகள் பெண் கூலிக்குக் கொழுந்தெடுத்தவர் அவர்.

★

திரும்பும் புகையிரதத்தில் பேராதனையைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தோம். 1821இல் அமைக்கப்பட்ட நம் பூந்தோட்டத்துக்கு 1824இல் சீனத்துத் தேயிலைச் செடி கொண்டுவரப்பட்டது. 1839இல் அசாம் விதை வந்தது. நெடுங்காலம் அது வேடிக்கைச் செடியாகவே நின்றது. கோப்பித் தோட்டங்களைத் துரு நோய் தின்னத் தொடங்கிய காலத்திலேதான் தேயிலை மலையேறிற்று. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். தம் பங்களா விறாந்தையிலே கொழுந்தைக் கையால் உருட்டிச் சோதனை செய்தார். 1873இல் இங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போயிற்று. ஹந்தானையிலே 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் டெயிலருக்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள். அது நியாயமே. ஆனால் அந்தப் பத்தொன்பது ஏக்கரிலே காடு வெட்டியவர் யார், குழி தோண்டியவர் யார், முதற் கூடைக் கொழுந்தை எடுத்த விரல்கள் எவருடையவை என்று கேட்டால் பெயர் சொல்ல எவருமில்லை.

லூல்கந்துரை கிடக்கும் ஹேவாஹெட்டைப் பகுதியிலேயேதான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் அங்கே கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் துறந்தார். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முதல் தியாகிகளில் ஒருவராக அவர் இன்றும் நினைக்கப்படுகிறார். அவரையும் ஒரு தைமாதத்திலேதான் சாய்த்தார்கள். எட்டு ஆண்டுகள் கழிந்து 1948இல் நாடு சுதந்திரம் பெற்றதும், அதே ஆண்டிலே குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டுக்கொண்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாமென ஒதுக்கி வைத்தார்கள். ஆச்சியின் தமையன் அந்தக் கணக்கிலே இராமேசுவரம் கப்பலேறிப் போனவர். போனவருக்கும் இருந்தவருக்கும் இடையே சில காலம் கடிதமிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

இவ்வளவையும் நாம் நூல்களிற் படித்திருந்தோம், மேடைகளிலும் பேசியிருந்தோம். ஆனால் அவற்றுக்கும் நம் காலைத் தேநீருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லித்தர, வடைத் தட்டோடு வந்த ஆச்சியின் ஒரே வாக்கியம் வேண்டியிருந்தது.

★

தொழிற்சாலையில் அப்பருவத்துத் தேயிலை நூறு கிராம் விலைக்கு வாங்கி வந்திருந்தோம். வீட்டுக்கு வந்த மறுநாள், ஆச்சியை அடுக்களை வேலையை விட்டுவிட்டு வந்து மேசையில் உட்காரச் சொன்னோம். அவர் உட்கார மறுத்தார். பலமுறை வற்புறுத்தியபின் நாற்காலியின் விளிம்பிலே உட்கார்ந்தார். தேயிலையை நாமே அளந்து, ஆறு நிமிடம் பார்த்து, வெள்ளைக் கோப்பையில் வடித்துக் கொடுத்தோம். தம் கையால் நாற்பது ஆண்டுகள் எடுத்த கொழுந்தின் உண்மையான சுவையை அவர் முதன்முதலாக அறியப்போகிறார் என்றும், கண் கலங்குவார் என்றும் நாம் எதிர்பார்த்தோம். எழுத்தாளர்களுக்கு இத்தகைய எதிர்பார்ப்புகள் இயல்பு.

ஆச்சி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“என்னங்கய்யா, இதுல சாயமே இல்லையே. வெந்நி மாதிரி இருக்கு.”

நமக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. தோட்டத்திலே அவர்களுக்குக் கிடைத்தது தூள் தேயிலை. விடியற்காலை பிரட்டுக்குப் போகுமுன் கரிய நிறத்தில் ஊற்றி, சீனி ஒரு கடி கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேநீர். வயிற்றிலே வேறொன்றுமில்லாத நேரத்தில் பசியை அடக்குவதற்கும், மலையேறும்வரை உடம்பில் சூடு தங்குவதற்கும் காட்டமான சாயந்தான் உதவும். மலர் மணத்தைக் கொண்டு மலையேற முடியாது. நாற்பது ஆண்டுகளாக அவருடைய நாக்கு எதனைத் தேடப் பழகியதோ அதனைத்தான் தேடிற்று. டீமேக்கரின் நாக்கும், இங்கிலாந்து நண்பரின் நாக்கும், நம் நாக்கும் அவ்வாறே. வாழ்ந்த வாழ்க்கைதான் நாக்கைப் பழக்குகிறது. ஆகவே ஆச்சியின் தீர்ப்பை அறியாமை என்று நாம் தள்ளமுடியாது. அது வேறோர் அட்டையிலே போட்ட புள்ளி.

“அப்படியானால் எத்தனை புள்ளி போடுவீர்கள், ஆச்சி?” என்று கேட்டோம்.

“மார்க்கெல்லாம் எனக்கெதுக்குங்க? அது போடுறவங்க போடட்டும். அந்த மாசத்துல பேரை வெட்டாம இருந்தாப் போதும்” என்றார்.

அவரது கோரிக்கையிலே எத்துணை நியாயமிருக்கிறது என்பதை வாசகர்கள் சிந்திக்கவேண்டும். சுவைபார்க்கும் கலையை ஒழிக்கும்படி எவரும் கேட்கவில்லை. நல்லது எது, அல்லாதது எது என்று பிரித்தறிவது மனிதனின் உயர்ந்த ஆற்றல்களில் ஒன்று. நல்ல பொருளைச் செய்தவருக்கு நல்ல மதிப்புக் கொடுப்பதற்குத்தானே புள்ளி? குளிர்கால ஏலுக்கு 42 போட்டால் அந்தப் பெயர் அதனை வடித்தவருக்குப் போய்ச் சேருகிறது. தரப்பருவத் தேயிலைக்கு உயர்ந்த புள்ளி விழுந்தாலோ அது முத்திரைக்கும், ஏலத்துக்கும், பங்குதாரருக்கும் போகிறது. அதனை எடுத்த விரலுக்கு மட்டும் அரைப்பேராக வந்து விழுகிறது. தரத்தால் விலை ஏறும் மாதங்களில் நிறையால் கூலியை வெட்டலாகாது. அம்மாதங்களிலே கேட்கும் நிறை சட்டப்படி குறையவேண்டும். ஏறிய விலையிலே ஒரு பங்கு மடுவத்துக்கும் இறங்கவேண்டும். இது தயவாக அன்றி உரிமையாக ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் காற்றின் நட்டத்தை மட்டும் சுமப்பது எந்த நியாயத்திலும் சேராது.

இவ்வளவையும் எழுதிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ள நமக்குப் பெருவிருப்பந்தான். தோட்டத்துக்கு நியாயம் சொல்வது எளிது; அது நம் வீட்டிலிருந்து நாலைந்து மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. ஆச்சி நம் குசினியிலே இருக்கிறார். தோட்டத்திலேயாவது செக்ரோல் இருந்தது. மாலையிலே வேலை முடிந்தது. அரைப்பேராயினும் அஃது எழுத்தில் இருந்தது. கேட்பதற்கு ஒரு சங்கமும் இருந்தது. நம் வீட்டிலே அவருக்கு வேலை நேரம் எது, ஓய்வு நாள் எது என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அவர் வந்து நாலு ஆண்டுகளாகியும் சம்பளத்தைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை. நாம் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார். ‘ஆச்சி’ என்று முறை சொன்னோம். அந்த முறையின் மறைவிலே கணக்கு நின்றுபோயிருந்தது. மலையகத்துப் பெண்களும் குழந்தைகளும் தலைமுறை தலைமுறையாகக் கண்டியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை வீடுகளிலே இவ்வாறு ‘குடும்பத்தில் ஒருவராக’ உழைத்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். அறிந்தும் பேசுவதில்லை.

அன்றே பேசினோம். ஆச்சி முதலில், “இப்ப என்னத்துக்குங்கய்யா அதெல்லாம்?” என்றார். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்த்துவர மாதமொருமுறை புகையிரதச் செலவு வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் விருந்தாளிகளுக்குச் சமைக்க இயலாது, முழங்கால் வலிக்கிறது. சம்பளத்துக்கு அவர் ஒரு தொகை சொன்னார். அது நாம் கொடுத்துவந்ததைவிட அதிகந்தான். ஆனால் நியாயமான தொகை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். அவருக்குக் கையெழுத்து நன்றாகவே வருகிறது. அதையும் அன்றுதான் அறிந்தோம்.

இவ்வாண்டு மார்கழியிலும் வருவதாக இங்கிலாந்து நண்பர் எழுதியிருக்கிறார். புதுப் போத்தலும் புள்ளியட்டையும் கொண்டுவருவாராம். வரட்டும், மகிழ்ச்சியே. ஆனால் ஒன்பது மணிக்குமேல் வடைக்கு நாமே மா அரைக்கவேண்டியிருக்கும் என்பதை அவருக்கு முன்கூட்டியே எழுதிவிட்டோம்.